பிச்சாவரத்தின் சேறும் நண்டும்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் பிச்சாவரம் கண்டல் காடு சேற்று நண்டின் பழைய வீடு. கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே போனால் தரங்கம்பாடி. அது டேனிஷ்காரர் வசமிருந்த 1798இல், இயற்கையியலாளர் ஃபப்ரிசியஸ் சேற்று நண்டு வகை ஒன்றுக்கு அவ்வூரின் பெயரையே அறிவியல் பெயராக வைத்தார். 'டிராங்குபாரிகா' என்ற அந்தப் பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது.

வளர்ந்த சேற்று நண்டு நீரின் உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் கழி நீர் நன்னீராகிவிடும். கோடையில் கடலையும் மிஞ்சிக் கரிக்கும். இரண்டிலும் அது பிழைக்கிறது. குஞ்சுக்கு அந்தத் திறன் கிடையாது. சினைப்பட்ட பெண் நண்டு கடலுக்குப் போய்தான் முட்டை பொரிக்கும். லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்புள்ள கடல்நீரில் தேறிய பிறகே குஞ்சுகள் ஓதத்தோடு கழிக்குத் திரும்பும். ஆகவே முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் அந்த வரத்துக்கு வழியில்லை.

வந்து சேரும் நண்டுக்கு அடுத்த தேவை, வளை தோண்ட இளகிய சேறு. காய்ந்து உப்புப் பூத்த தரையில் வளை நிற்காது. இந்த உறவு ஒருவழிப்பட்டதும் அன்று. சிறு நண்டுகள் கண்டல் இலைகளை வளைக்குள் இழுத்துக்கொண்டு போகின்றன. வளைகளின் வழியே காற்றும் ஓதநீரும் மண்ணுக்குள் இறங்கி, வேரடியில் தேங்கும் உப்பைக் கழுவிவிடுகின்றன. நண்டு மண்ணை நம்பி வாழ்வது போலவே மண்ணும் நண்டை நம்பியிருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் இந்த உறவு அறுபடத் தொடங்கியது. வனத்துறை காட்டைக் கூறுகூறாகப் பிரித்து, முறைவைத்து மொட்டையாக வெட்டியது. 1970கள் வரை இது நீடித்தது. வெட்டிய இடம் மீண்டும் துளிர்க்கும் என்பது கணக்கு. ஆனால் நிழலிழந்த சேறு வெயிலில் காய்ந்து உள்வாங்கி, நடுவில் தொட்டிபோல் குழிந்தது. அதில் புகுந்த ஓதம் வடியவில்லை. தேங்கி ஆவியாகி உப்பை மட்டும் விட்டுச்சென்றது. அந்தத் தரையில் மரமும் முளைக்கவில்லை, நண்டும் வளை போடவில்லை. 1934இல் மேட்டூர் அணை எழுந்த பின் கொள்ளிடத்தின் நன்னீர் வரத்து சுருங்கியதும் உப்பேறுவதற்குத் துணைபோனது. ஆடுமாடு மேய்ச்சலால்தான் காடு அழிந்தது என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் இருந்தது. கழியோர மக்கள்மேல் விழுந்த அந்தப் பழி பெரிதும் அநியாயமானது.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, குழிந்த நிலங்களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். ஓதம் ஏறி இறங்க வழி பிறந்ததும் உப்பு குறைந்து சேறு இளகியது. வெண்கண்டல் வேர்பிடித்தது. கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர்கள் இந்த வேலையில் பங்கெடுத்தார்கள்.

வாய்க்கால்களில் வண்டல் படிவது நிற்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தூர்வாராத இடத்தில் ஓதம் மறுபடியும் தேங்குகிறது.