வளைந்த சுவரும் வாய்ப்பாடும்: கார் கேமராவுக்குள் ஒரு பழைய கணக்கு

(ஒலிப்பதிவிலிருந்து தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு நாம பேசப்போறது கார் ரிவர்ஸ் கேமரா பத்தி. அம்பத்தூர் எஸ்டேட்ல வண்டியைப் பின்னாடி எடுக்கிறீங்கன்னு வச்சுக்கோங்க. காம்பவுண்டு சுவர் நேராத்தான் இருக்கு. ஆனா விலை குறைஞ்ச கேமராவில் அது வில் மாதிரி வளைஞ்சு தெரியும். நல்ல கேமராவில் நேராவே தெரியும். லென்ஸ் ரெண்டிலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அப்போ வளைவை நிமிர்த்தினது யார்? அதுவும் இவ்வளவு வேகமா?

முதல்ல, வளையற லென்ஸை ஏன் போடணும்? பம்பரின் இந்த மூலை முதல் அந்த மூலை வரை ஒரே கேமரா பார்த்தாகணும். அதுக்கு அகலக் கோணம் தேவை. இதன் கதை 1906-ல் தொடங்குது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், தண்ணீருக்குள்ள இருக்கிற மீனுக்கு மேல் உலகம் எப்படித் தெரியும்னு யோசிச்சு, தண்ணீர் நிரப்பிய ஊசித்துளை கேமராவில் படம் எடுத்தார். 'மீன்கண் லென்ஸ்' என்ற பெயர் அந்த வழியில் வந்ததுதான். 1924-ல் இங்கிலாந்தில் ராபின் ஹில், முழு வானத்தையும் ஒரே படத்தில் பிடிக்கும் லென்ஸை வடிவமைத்தார். மேகங்களைப் பதிவு செய்யத்தான் அது. மேகத்தில் நேர்கோடு கிடையாது, அதனால் வளைவு யாருக்கும் உறுத்தலை.

தெருவில் கதை வேற. இந்த லென்ஸ் படத்தின் ஓரத்தைச் சுருக்கிவிடும். ஓரத்தில் நிற்கிற குழந்தை இருக்கிறதை விடச் சின்னதா, தூரமா தெரியும். அமெரிக்காவில் 2002-ல் கேமரன் குல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தை, தன் தந்தை பின்னால் எடுத்த வண்டியில் சிக்கி இறந்தது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2008-ல் சட்டம் வந்தது. 2018 மே முதல் அங்கே புதுக் கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம். இந்தியாவில் 2019 ஜூலை முதல் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயமாச்சு. படம் சரியா தெரியறது அழகுக்காக இல்லை என்பதுக்காகத்தான் இதைச் சொல்றேன்.

சரி, வளைவை எப்படி அளக்கிறது? இந்தக் கேள்வியில் முக்கியமான பெயர் டுவேன் பிரவுன். 1966-லும் 1971-லும் வெளிவந்த அவருடைய கட்டுரைகள் இன்னைக்கும் அடிப்படை. 1971-ல் அவர் எடுத்துக்கிட்ட கருவி நம்ம கொத்தனார் கையில் இருக்கிற அதே தூக்குக்குண்டு! குண்டு கட்டித் தொங்கவிட்ட நூல் நேராத்தான் இருக்கணும். படத்தில் வளைஞ்சு தெரிஞ்சா, வளைச்சது லென்ஸ். எவ்வளவு வளைவுன்னு அளந்து சூத்திரமாக்கினார். பிறகு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் ஜெங்யூ ஜாங் 1998-ல் இதை இன்னும் எளிமையாக்கினார். காகிதத்தில் அச்சடிச்ச கட்டங்களைப் பல கோணத்தில் காட்டினா போதும், கேமராவின் குணம் தெரிஞ்சிடும்.

சூத்திரம் கிடைச்சாச்சு. இனிமேதான் சிக்கலே. 1280-க்கு 720 படம்னா 9,21,600 புள்ளிகள். விநாடிக்கு 30 படம், வண்டியைச் சுற்றி நாலு கேமரா. விநாடிக்கு சுமார் 11 கோடி புள்ளிகள்! ஒவ்வொண்ணுக்கும் அந்தச் சூத்திரத்தைப் போட்டா, காருக்குள்ள இருக்கிற சின்ன சிப் மூச்சுத் திணறிடும்.

இங்கேதான் ஒரு எளிய யோசனை. லென்ஸ் மாறப்போறதில்லை, அதனால் விடையும் மாறாது. கணக்கை ஒரே ஒரு முறை போட்டு வாய்ப்பாடா எழுதி வச்சுக்கலாம். 'திரையில் இந்தப் புள்ளிக்கு, கேமரா படத்தில் அந்த இடத்திலிருந்து நிறத்தை எடு'. அவ்வளவுதான். கவனிங்க, திசை தலைகீழ். கேமராவிலிருந்து திரைக்குத் தள்ளினா நடுவில் ஓட்டை விழும். திரையிலிருந்து திரும்பிப் போய் எடுத்தா விழாது. எடுக்க வேண்டிய இடம் நாலு புள்ளிகளுக்கு நடுவில் வந்தா, நாலையும் விகிதப்படி கலந்துக்கலாம்.

வாய்ப்பாடே பெருசா இருக்கேன்னு தோணுதா? 16 புள்ளிக்கு ஒண்ணு மட்டும் எழுதி வச்சா, 81-க்கு 46, ஆக மொத்தம் 3,726 இடங்கள் போதும். நடுவில் உள்ளதை ஊகிச்சுக்கலாம்.

இந்த யோசனை நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. வாக்கியப் பஞ்சாங்கம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. சந்திரனின் இடத்தை ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து கணக்கிடாம, 248 நாளுக்கான விடைகளை 248 வாக்கியங்களா மனப்பாடம் செஞ்சு வச்சிருந்தாங்க. சென்னை வானியல் ஆய்வகத்தில் ஒரு காலத்தில் பொறுப்பில் இருந்த ஜான் வாரன், 1825-ல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலிதம்' நூலில் ஒரு புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியிருக்கார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனசில் இருந்த வாய்ப்பாட்டை வச்சே அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம்தான் பிசகு.

அந்தப் பிசகிலும் பாடம் இருக்கு. வாய்ப்பாடு எழுதினபோது இருந்த உலகத்துக்குத்தான் பொருந்தும். வானம் விலகிப் போனா திருத்தணும். வாக்கியமா திருக்கணிதமான்னு இன்னைக்கும் நடக்கிற வாதம் இதுதானே! கேமராவும் அப்படித்தான். பம்பர் இடிபட்டு, கேமரா கொஞ்சம் சாய்ந்து மாட்டப்பட்டா, சுற்றுப் படத்தில் நாலு கேமராவும் சேருகிற இடம் பிசகும். பட்டறையில் பம்பரைக் கழற்றி மாட்டினா, கேமராவை மறுபடி அளவீடு செய்யச் சொல்லிக் கேளுங்க.

நம்ம மேற்குப் பக்கத்துக்கு வருவோம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் வந்தது. அங்கே உருவான டாங்கிகளில் மூடியை மூடினா, ஓட்டுநருக்கு பெரிஸ்கோப் வழியாத் தெரிகிற துண்டுக் காட்சி மட்டும்தான். 2017-ல் அதே ஆவடியில் உள்ள போர் வாகன ஆய்வு நிறுவனம், ஆளே இல்லாம தொலைவிலிருந்து இயக்கும் 'முந்த்ரா' வண்டியைக் காட்டியது. இப்படிப்பட்ட வண்டிகளை ஓட்டுபவருக்குக் கேமராதான் கண். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் படம் 0.1 விநாடி தாமதமானா, வண்டி ஒரு மீட்டருக்கு மேல் போயிருக்கும். கணக்கு வேகமா முடியணும்னு சொல்றது இதனாலதான். பூந்தமல்லி தாண்டிப் போனா ஒரகடம். 2007-ல் நிசான் ஜப்பானில் கொண்டுவந்த நாலு கேமரா சுற்றுப்பார்வை, 2020-ல் ஒரகடத்தில் தயாரான மேக்னைட்டில் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது.

கடைசியா ஒண்ணு. முழு 180 டிகிரி காட்சியைத் தட்டைத் திரையில் நேராக்கவே முடியாது. நிமிர்த்த நிமிர்த்த ஓரம் இழுபட்டு மங்கும், இல்லேன்னா வெட்டுப்படும். சுவர் நேரா தெரியணுமா, மூலையில் இருக்கிற குழந்தை தெரியணுமா? வடிவமைக்கிறவர் அளந்துதான் முடிவெடுக்கணும். திரையில் சுவர் நேரா இருக்குன்னா, ஓரத்தில் ஏதோ வெட்டப்பட்டிருக்கும்னு நினைவில் வச்சுக்கோங்க. ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்துட்டு வண்டியை எடுங்க.