பற்றரி இல்லாத காலத்து மெசினும், பற்றரி வந்த பிறகு வந்த வில்லங்கமும்



மயிலிட்டிப் பக்கம் காணி விடுபட்ட பிறகு பழைய உழவு இயந்திரங்கள் மறுபடியும் தோட்டங்களுக்குள் இறங்கியிருக்கின்றன. புதிது வாங்க வசதி இல்லாதவர்கள் இருபது, முப்பது வருடத்து மெசினைத் திருத்தி ஓட்டுகிறார்கள். மழைக்கு முன் உழவேண்டிய நேரத்தில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "சாவியைத் திருகினா 'டிக்' எண்டு ஒரு சத்தம், பிறகு ஒண்டுமில்லை. புதுப் பற்றரி வாங்கட்டோ?" கடன் பட்டுப் பற்றரி வாங்க முதல் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். எங்கள் ஊர்களில் ஓடுகிற பழைய மெசினின் வயரிங் கம்பனிப் புத்தகத்தில் இருப்பது போல இருக்காது. இந்தக் குடாநாட்டில் நடந்த ஒவ்வொரு தட்டுப்பாடும் அதில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

முதலில் இங்கே தோட்டத்துக்கு வந்தது இரண்டு சில்லு மெசின். 'லான்ட்மாஸ்டர்' என்பது இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் பக்கத்து ஹக்னால் என்ற ஊரில் இருந்த கம்பனியின் பெயர். பிறகு ஜப்பான் மெசின் வந்தது, சீன மெசின் வந்தது, நாங்கள் எல்லாவற்றையும் லான்ட்மாஸ்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சின்னப் பெற்றோல் எஞ்சினுக்குப் பற்றரியே கிடையாது. கயிற்றைச் சுற்றி இழுத்தால் சில்லோடு சேர்ந்து சுற்றுகிற காந்தமே பிளக்குக்கு நெருப்பைக் கொடுக்கும். நாங்கள் 'மக்னெற்' என்போம். ஜெர்மனியில் பொஷ் கம்பனியில் வேலை செய்த ஹொனோல்ட் என்ற பொறியியலாளர் 1902இல் செய்து முடித்த வேலை அது. கயிறு இழுக்கத் தோளில் பலம் இருந்தால் போதும். பழுது வந்தாலும் பார்க்க வேண்டியவை மூன்றே மூன்று: பிளக், பொயின்ட், கொயில். பொயின்டில் கரி பிடித்தால் உப்புத்தாளால் ஒரு தேய், முடிந்தது.

நாலு சில்லு மெசினோடுதான் பற்றரியும் ஸ்டார்ட்டரும் தோட்டத்துக்குள் வந்தன. கையால் ஹான்டில் அடிக்கும்போது எஞ்சின் திருப்பி உதைத்துக் கையை முறித்துக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் அதற்கு ஒரு முடிவு கட்டினார். 1912 மாதிரி கடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. பேர்குசன் டி.ஈ. 20 உழவு இயந்திரத்தில் (1946 முதல் 1956 வரை செய்யப்பட்டது) இன்னொரு புத்தியும் செய்திருந்தார்கள். கியர்த் தடியையே 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணவே முடியாது. பின்னால் வந்த மஸி பேர்குசன் 135இல் ஹை-லோ தடி நடுவில் நின்றால் மட்டும் கரண்ட் விடுகிற ஒரு சின்ன சுவிட்ச் வைத்தார்கள். இந்தச் சுவிட்சை நினைவில் வையுங்கள், கடைசியில் மறுபடியும் இதற்குத்தான் வரப் போகிறோம்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை வந்ததால் தோட்டக்காரர் கையில் காசு இருந்தது, ஆனால் உதிரிப்பாகம் இல்லை. உடைந்ததை ஒட்டு, இல்லாததைக் கடைந்து எடு என்ற பழக்கம் அப்போது ஊன்றியது.

பிறகு 1990. ஜூன் 15ஆம் திகதி மயிலிட்டி மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். உடுத்த துணியோடு போனவர்கள் மெசினை எங்கே கொண்டுபோவது? அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் எங்களை, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை, வெளியேற்றினார்கள். சோனகத் தெருவில் இரும்பு வியாபாரம் செய்தவர்களும் அதில் போனார்கள். ஆகவே அதற்குப் பிந்திய வருடங்களைப் பற்றி நாங்கள் எழுதுவது இங்கே இருந்தவர்கள் வாயால் கேட்டதை வைத்துத்தான்.

லக்சபானா மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப் பொருள். பைசிக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் மிதியைச் சுற்றி, டைனமோவில் பி.பி.சி. தமிழோசை கேட்ட காலம். மோட்டார் சைக்கிளும் ஒஸ்ரின் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் முதலில் சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெயை விட்டார்கள். இதை ஏதோ புதினம் போலச் சொல்வார்கள். பேர்குசன் கம்பனியே 1949இல் டி.ஈ.டி. 20 என்ற மாதிரியை இதே முறையில், பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுவதற்கென்று விற்றது. மயிலிட்டிக் கடற்றொழிலாளருக்கும் இது தெரியும், மண்ணெண்ணெய் அவுட்போட் மோட்டரும் அப்படித்தான் எழும்பும். வித்தியாசம் என்னவென்றால் கம்பனி அதற்கேற்ப எஞ்சினின் அமுக்கத்தைக் குறைத்துச் செய்தது. நம்மவர்கள் இருந்த எஞ்சினையே ஓட்டினார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கி எஞ்சினைத் தின்றது.

டீசல் மெசினுக்கு ஒருமுறை எழும்பிவிட்டால் பற்றரி தேவையில்லை. சரிவில் உருட்டி எழுப்பலாம், ஆனால் யாழ்ப்பாணத்தில் சரிவுக்கு எங்கே போவது! தள்ளினார்கள், இன்னொரு மெசினால் இழுத்தார்கள். இருந்த அரை உயிர்ப் பற்றரியில் ஒரு சொட்டுக் கரண்டும் வீணாகக் கூடாது என்று மெக்கானிக்மார் சாவி, சொலினொயிட், சுவிட்ச் எல்லாவற்றையும் தாண்டி நேர் வயர் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது கெட்டித்தனம்.

மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலை 3ஆம் திகதி, 27 வருடம் கழித்து, 54 ஏக்கரோடு விடுபட்டது. காணி திரும்பி வந்தது. கைமாறிக் கைமாறி வந்த மெசினுக்குள் அந்த நேர் வயரும் கூடவே வந்தது.

சரி, 'டிக்' சத்தத்துக்கு வருவோம். முதல் சந்தேகம் பற்றரி மீது போகவேண்டாம், ஏர்த் மீது போகட்டும். கடற்கரை ஊர் இது. உப்புக்காற்று பற்றரியின் ஏர்த் வயர் பொடியோடு பொருந்துகிற இடத்தைத்தான் முதலில் அரிக்கும். வெளியே இறுக்கமாகத் தெரியும், கழற்றினால் உள்ளே பச்சையும் வெள்ளையும் பூத்திருக்கும். மீற்றர் இருந்தால் பற்றரியில் 12.6 வோல்ட் வருகிறதா பாருங்கள். பிறகு ஒருவர் சாவியைத் திருக, இன்னொருவர் பற்றரியின் ஏர்த் முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையில் அளக்கவேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பற்றரிக்காரருக்குக் கொடுக்க இருந்த காசு மிச்சம். கழற்று, உப்புத்தாளால் பளபளக்கத் தேய், கிரீஸ் பூசிப் பூட்டு. ஏர்த் சரியாக இருந்து, சுற்றும்போது பற்றரியே ஒன்பது வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் அப்போது பற்றரியைக் குறை சொல்லலாம்.

டி.ஈ. 20 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்த மெசினுக்குப் பொசிட்டிவ்தான் ஏர்த். இப்போதைய பழக்கத்தில் நெகட்டிவை ஏர்த்தில் பூட்டினாலும் ஸ்டார்ட்டர் அதே பக்கம்தான் சுற்றும், அதனால் ஒருவருக்கும் பிழை தெரியாது. டைனமோ மட்டும் சார்ஜ் ஏற்றாது. வாரம் ஒருமுறை பற்றரி இறங்கும், குற்றம் பற்றரி மேல் விழும். யாராவது டைனமோவை எடுத்துவிட்டு ஒல்ரனேற்றர் பூட்டியிருந்தால் கதை இன்னும் மோசம், மாறிக் கொடுத்த அந்த நிமிடத்திலேயே டயோட் எரிந்துவிடும்.

இனி அந்தச் சின்னச் சுவிட்ச். தடைக்காலத்து நேர் வயர் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது இலகு. பிரேக்கையும் கிளச்சையும் நன்றாக மிதித்துக்கொண்டு, ஆட்கள் முன்னும் பின்னும் இல்லாத வெளியில், ஹை-லோ தடியை லோவில் போட்டுச் சாவியைத் திருகுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றினால் சுவிட்ச் தாண்டப்பட்டிருக்கிறது. அந்த மெசினில் சில்லுப் பக்கம் நின்றுகொண்டு ஸ்குரூ டிரைவரால் ஸ்டார்ட்டர் முனைகளைத் தொடுக்கிறவர், மெசின் கியரில் நிற்பது தெரியாமல் தொடுத்தால், பின் சில்லு அவர் மேல்தான் ஏறும். டீசல் எஞ்சின் அரைச் சுற்றிலேயே பிடித்துவிடும், விலகி ஓட நேரம் இருக்காது. பள்ளிப் பிள்ளைகள் தகப்பன்மாருக்கு உதவி என்று இதைச் செய்வதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

சுவிட்சைத் திரும்பப் பூட்டுவது ஒரு மணித்தியால வேலை. உங்கள் மெசினில் எந்த வயர் எங்கே தாண்டிப் போகிறது என்று தெரிந்த பழைய மெக்கானிக் இன்னும் உயிரோடு இருந்தால், இந்த மழைக்கு முன் ஒரு பின்னேரம் அவரைக் கூட்டிவந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு கொப்பித் தாளில் படம் கீறி, சீற்றுக்குக் கீழே பொலித்தீனில் சுற்றி வையுங்கள். படம் கீற ஆள் வேண்டுமென்றால் பள்ளி விட்ட பிறகு நாங்கள் வருகிறோம்.