வாகனப் பாதை விளக்குகள்

வீட்டு கேட்டிலிருந்து போர்டிகோ வரை வண்டி வந்து போகும் பாதைக்கு இரவில் வெளிச்சம் தரும் விளக்குகள் வாகனப் பாதை விளக்குகள் எனப்படும். மதில் தூண்மேல் வைக்கும் கேட் விளக்கு, சுவர் விளக்கு, பாதையோரம் முழங்கால் உயரத்துக்கு நடும் குட்டைக் கம்ப விளக்கு, ஃபிளட் லைட் ஆகியவை தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாக உள்ளன.

எவ்வளவு வெளிச்சம் என்பதைவிட அது எங்கே விழுகிறது என்பதே தேர்வில் முக்கியம். போர்டிகோ மேலிருந்து 50 வாட் ஃபிளட் லைட்டை கேட்டைப் பார்த்துத் திருப்பிவைப்பது பலரும் செய்யும் பிழை. இரவில் வண்டியை நிறுத்தி கேட்டைத் திறப்பவர் முகத்தில் அந்த ஒளி நேராக அடிக்கிறது. கேட்டின் உட்புறம் பளபளக்க, பூட்டு தொங்கும் வெளிப்புறம் இருட்டில் கிடக்கிறது. சாவித் துளையை விரலால் தடவித் தேட வேண்டியிருக்கும். கூசிய கண்ணில் பாவை சுருங்குவதால் மதிலோர மூலைகள் இன்னும் கறுத்துப்போகின்றன. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் ஆகும். பாதுகாப்புக்கென்று போட்ட விளக்கு, ஒளிந்து நிற்பவருக்கே உதவுகிறது. மேலே மூடியுள்ள, ஒளியைக் கீழே மட்டும் இறக்கும் விளக்கை இரண்டு, இரண்டரை மீட்டர் உயரத்தில் வைத்தால் இந்தச் சிக்கல் வராது. குட்டைக் கம்பங்களை எதிரெதிராக நடாமல் மாற்றி மாற்றி நட்டால், ரிவர்ஸ் எடுக்கும்போது பாதையின் இரு ஓரமும் கண்ணாடியில் தெரியும்.

வெளிச்சத்தை வாட்டில் அல்ல, லூமெனில் அளக்கிறார்கள். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை இப்போது 8, 9 வாட் எல்இடி தந்துவிடுகிறது. சிறிய வீட்டுப் பாதைக்கு அப்படி இரண்டு மூன்று போதும்.

ஒளியின் நிறம் கெல்வினில் குறிக்கப்படும். கடைகளில் அதிகம் கிடைக்கும் 6500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளை. 3000 கெல்வின் இளமஞ்சள். பூச்சிகளை நீல ஒளி அதிகம் இழுக்கும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் வெள்ளை விளக்கை ஈசல் மொய்க்கும், பின்னாலேயே பல்லி வரும், காலையில் இறகுகளைப் பெருக்க வேண்டும். இளமஞ்சளில் இந்தத் தொல்லை குறைவு.

சென்னைக் கடற்கரையோர வீடுகளுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் அங்கே கரையேறி முட்டையிடுகின்றன. பொரிந்து வரும் குஞ்சுகள் கடலின் மேல் தெரியும் மெல்லிய வெளிச்சத்தை வைத்தே திசை அறிகின்றன. கரைப்பக்க விளக்குகள் அவற்றைச் சாலைக்கு இழுத்துவிடும். கடலைப் பார்த்த விளக்குகளை அந்த மாதங்களில் அணைத்துவைப்பது அவசியம்.

மழையில் நனையும் இடத்துக்கு ஐபி65 குறியிட்ட விளக்கு ஏற்றது. 6 தூசி புகாததையும், 5 பீய்ச்சும் நீரைத் தாங்குவதையும் காட்டும். ஆள் நடமாட்டத்தில் எரியும் சென்சார் விளக்கு, நேராக வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரைத்தான் விரைவில் உணரும். பொருத்தும்போது அதைக் கணக்கில் கொள்ள வேண்டும். சோலார் விளக்கு மாமர நிழலுக்கு ஆகாது. வெளிவிளக்குகளின் இணைப்புக்கு எர்த்தும், மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம் வேண்டும். வயர் செல்லும் பைப்பை பேவர் கல் பதிக்கும் முன்பே புதைத்துவிட வேண்டும்.