நெல் வண்டியும் கிழட்டு டீசலும்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடிவிட்டால் தஞ்சை–நாகை சாலை அப்படியே நின்றுவிடும். சரக்கு வண்டியின் எஞ்சினை ஒரு முனையில் கழற்றி மறுமுனையில் மாட்டி முடிக்கும்வரை, பேருந்துக்குள் வியர்த்தபடி எல்லோரும் அதைச் சபித்துக்கொண்டிருப்பார்கள். டீசல் எஞ்சின்கள் இழுத்த காலத்தில் அந்தச் சாபத்தில் பெரும்பகுதி ஆல்கோ குடும்பத்துக்கே போய்ச் சேர்ந்தது.

இப்பாதை பழையது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை நோக்கி இதை அகலப்பாதையாகவே அமைத்தது. 1875-ல் அது மீட்டர் பாதையாகக் குறுகியது. இந்த நூற்றாண்டில் மறுபடி அகன்றது. அதன் பிறகே பெரிய டீசல்கள் இங்கே வர முடிந்தது.

அந்தக் குடும்பத்தில் ஒன்று டபிள்யூ.டி.எம்.-2. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்தது. 1962-ல் முதல் எஞ்சின்கள் கப்பலேறி வந்தன. 1964 முதல் வாரணாசியில் உருவாயின. 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன், ஏறத்தாழ 113 டன் எடை. டீசல் நேராகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுழற்ற, அந்த மின்சாரத்தில் ஆறு மோட்டார்கள் இயங்குகின்றன.

வண்டி புறப்படும் கணத்தில் கரும்புகை குபுகுபுவென்று எழும். எண்ணெய் உடனே பாய்ந்துவிடுகிறது. காற்றை அழுத்தித் தரும் டர்போ வேகம் பிடிக்கச் சற்று நேரமாகிறது. அந்த இடைவெளியில் எரியாத எண்ணெய்தான் புகை. முதுமையின் இருமல் என்று நினைத்திருந்தோம், பிறவிக்குணம் அது.

1969-ல் ஆல்கோ எஞ்சின் தயாரிப்பைக் கைவிட்டது. பெற்றவள் போனபின்னும் வாரணாசி ஏறத்தாழ முப்பதாண்டுகள் அந்தப் பிள்ளையை உருவாக்கிக்கொண்டிருந்தது. பொன்மலை போன்ற பணிமனைகளின் தொழிலாளர்கள் அதைப் பிரித்து, பழுது நீக்கி, மறுபடி பூட்டி ஓடவைத்தார்கள். அதன் நீண்ட ஆயுள் அவர்களுடைய கைகளில் இருந்தது.

நீராவி எஞ்சினுக்கு ஏக்கம் கலந்த நினைவுகள் உண்டு. மின்சார எஞ்சினுக்கு எதிர்காலம் உண்டு. நடுவில் வந்த டீசலுக்கு, அதிலும் வழியனுப்ப எவரும் வராத சரக்கு வண்டியின் டீசலுக்கு, எதுவும் வாய்க்கவில்லை. ஆனால் டெல்டாவின் நெல் அரவைக்காகப் பிற மாவட்டங்களுக்குப் போனது அதன் பின்னால்தான். இன்று பாதைக்கு மேலே மின்கம்பிகள் ஓடுகின்றன. கேட்டில் நின்று அதைச் சபித்தவர்கள், அது இழுத்துப்போன நெல்லைச் சோறாக உண்டவர்களும்தாம் என்பதையாவது எழுதிவைக்க வேண்டும்.