வீட்டுக் கராஜுக்கான தீ உணரி

வீட்டோடு ஒட்டிய மூடிய கராஜில் பொருத்துவதற்கு உகந்தது, புகையை அல்லாமல் வெப்பத்தை அறிந்து ஒலிக்கும் கருவி. கார், பெட்ரோல் கேன், பெயின்ட் டப்பா, சார்ஜர் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும் அந்த இடத்தில் தீ அபாயம் அதிகம். ஆனால் படுக்கையறைக்கு வாங்கும் புகை உணரி அங்கே சரிப்படாது. எஞ்சின் புகை, மரத்தூள், தூசி, பூச்சி எது நுழைந்தாலும் அது கத்தும். இரண்டு மூன்று முறை ஏமாந்த வீட்டுக்காரர் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவார். தவிர, வீட்டுப் புகை உணரிகள் பொதுவாக 4 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கென்றே தயாராகின்றன.

வெப்ப உணரியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குறித்த வெப்பநிலையை, பெரும்பாலும் 57 டிகிரியை, எட்டியதும் ஒலிப்பது. மற்றது, வெப்பம் நிமிடத்துக்குச் சுமார் 8 டிகிரி என்ற வேகத்தில் ஏறினால் ஒலிப்பது. இதன் பழைய வடிவத்தில் ஒரு சிறு காற்றறையும் அதில் ஊசித்துளையும் இருக்கும். மெல்லச் சூடேறினால் விரியும் காற்று துளை வழியே கசிந்துவிடும். சட்டென்று சூடேறினால் கசிய நேரமில்லை. காற்று மெல்லிய தகட்டை உப்பச் செய்து மின்சுற்றை மூடிவிடும். அழகான ஏற்பாடுதான். ஆனால் பனிக்காலத்தில் ஹீட்டரைப் போட்டாலோ, ஓடிக் களைத்த காரைக் கொண்டுவந்து நிறுத்தினாலோ இது ஏமாறக்கூடும். கராஜுக்கு முதல் வகையே நம்பகமானது.

தகரக் கூரை என்றால் 57 டிகிரியும் போதாமல் போகலாம். கூரையடியில் எதிர்பார்க்கும் உச்ச வெப்பத்தைவிட உணரியின் அளவு குறைந்தது 11 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 நெறிமுறை. மூன்று பக்கம் திறந்த போர்டிகோவில் இந்தக் கணக்குக்கே இடமில்லை. சூடு காற்றோடு போய்விடும்.

சுவரிலிருந்தும் விளக்கிலிருந்தும் 30 சென்டிமீட்டராவது தள்ளிப் பொருத்துவது பிரிட்டன் வழக்கம். மேலே தூக்கித் திறக்கும் கதவு இருந்தால், திறந்த நிலையில் அந்தப் பலகை எதை மறைக்கிறது என்று பார்த்துவிட்டே இடம் குறிக்க வேண்டும்.

அமெரிக்காவில் சில மாநிலங்களின் கட்டட விதிகள், வீட்டை ஒட்டிய புதிய கராஜுகளுக்கு வெப்ப உணரியைக் கட்டாயமாக்கியுள்ளன.

வெப்ப உணரி தாமதமாகத்தான் விழிக்கும். கனன்று புகையும் எண்ணெய்த் துணியோ, வாயு கக்கத் தொடங்கிய லித்தியம் பேட்டரியோ அதற்குத் தெரியாது. தீ நன்றாகப் பற்றி, சூடு கூரையைத் தொட்ட பிறகே ஒலிக்கும். ஆகவே வீட்டுக்குள் இருக்கும் புகை உணரிகளுக்கு அது மாற்று ஆகாது. அவற்றோடு கம்பி வழியாகவோ கம்பியில்லாமலோ அதை இணைத்துவிட வேண்டும். கராஜில் மட்டும் அலறும் மணி, இரண்டு கதவுகளுக்கு அப்பால் தூங்குபவர் காதில் விழாது.