பண மேலாண்மைக் கணக்கு

பண மேலாண்மைக் கணக்கு என்பது ஐக்கிய அமெரிக்காவில் பங்குத் தரகு நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்கு வழங்கும், வங்கிக் கணக்கின் வசதிகள் கொண்ட ஒரு நிதிக் கணக்கு ஆகும். ஊதியம் பெறுதல், காசோலை எழுதுதல், பற்று அட்டையால் பொருள் வாங்குதல், தானியங்கி இயந்திரத்தில் பணம் எடுத்தல் முதலியவற்றை இக்கணக்கின் மூலம் செய்யலாம். எனினும் இதனை வழங்கும் தரகு நிறுவனம் ஒரு வங்கி அன்று. ஆகையால் பணம் எந்த இடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே அதற்குரிய வட்டியும் பாதுகாப்பும் அமைகின்றன.

வரலாறு

1933ஆம் ஆண்டின் கிளாஸ்-ஸ்டீகல் சட்டம் வணிக வங்கித் தொழிலையும் பங்கு, பத்திரத் தொழிலையும் பிரித்தது. இதன்படி தரகு நிறுவனங்கள் பொதுமக்களிடம் வைப்புகளைப் பெற இயலாது. வங்கிகளின் காசோலைக் கணக்குகளுக்கு வட்டி வழங்குவதும் தடை செய்யப்பட்டது. சேமிப்புக் கணக்குகளுக்கு அரசு வட்டி உச்சவரம்பு விதித்தது. 1970களின் நடுப்பகுதியில் வணிக வங்கிகளில் இவ்வரம்பு 5 விழுக்காடாக இருந்தது. பணவீக்கமோ அதனினும் மிகுந்து, 1980இல் 13 விழுக்காட்டைக் கடந்தது. எனவே வங்கியில் வைத்த சேமிப்பின் மதிப்பு ஆண்டுதோறும் குறைந்து வந்தது.

1971இல் 'ரிசர்வ் ஃபண்ட்' என்னும் முதலாவது பணச்சந்தை நிதி தொடங்கப்பட்டது. இத்தகைய நிதிகள் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்தமையால் வட்டி வரம்புக்கு உட்படவில்லை. 1977இல் மெரில் லிஞ்ச் நிறுவனம் தரகுக் கணக்கு, பணச்சந்தை நிதி, காசோலை, விசா அட்டை ஆகியவற்றை ஒன்றிணைத்து இக்கணக்கை அறிமுகம் செய்தது. தொடக்கத்தில் குறைந்தது 20,000 டாலர் பணமாகவோ பத்திரங்களாகவோ தேவைப்பட்டது. காசோலை, அட்டைப் பணிகளை ஒகையோ மாநிலம் கொலம்பஸ் நகரின் வங்கி ஒன்று கவனித்தது. இது சட்டத்தைச் சுற்றிச் செல்லும் வழி என வங்கிகள் எதிர்த்தன.

1982இல் இயற்றப்பட்ட சட்டம், பணச்சந்தை நிதிகளுடன் போட்டியிடக்கூடிய கணக்குகளை வழங்க வங்கிகளுக்கு இடமளித்தது. 1999ஆம் ஆண்டின் சட்டம் வங்கிகளும் தரகு நிறுவனங்களும் ஒரே குழுமத்தில் இயங்க வழிவகுத்தது.

இயங்கும் முறை

முதலீடு செய்யப்படாது எஞ்சும் பணம் தானாகவே வேறிடத்திற்கு மாற்றப்படுகிறது. இது 'ஸ்வீப்' எனப்படும். பணம் செல்லும் இடம் பொதுவாகப் பின்வரும் இரண்டில் ஒன்றாகும்.

- பங்கேற்பு வங்கிகள்: பணம் பல வங்கிகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டு, வைப்பாகிறது.
- பணச்சந்தை நிதி: பணத்திற்கு ஈடாக நிதியின் அலகுகள் வாங்கப்படுகின்றன. காசோலை வரும்பொழுது தேவையான அலகுகள் விற்கப்படுகின்றன.

அன்றாடப் பயன்பாடு

மாதக் கட்டணமின்மை, பிற வங்கிகளின் தானியங்கி இயந்திரக் கட்டணத்தைத் திருப்பியளித்தல் ஆகியன சில நிறுவனங்கள் வழங்கும் சலுகைகளாகும். மறுபுறம், ரொக்கத்தை நேரடியாகச் செலுத்த வழி பெரும்பாலும் இல்லை. வைப்பிடப்பட்ட காசோலைப் பணம் சில நாட்கள் நிறுத்தி வைக்கப்படலாம். இதனால் பலர் சிறிய வங்கிக் கணக்கு ஒன்றையும் உடன் வைத்துக்கொள்கின்றனர்.

பாதுகாப்பு

பங்கேற்பு வங்கியில் உள்ள வைப்புக்குக் கூட்டரசு வைப்புக் காப்பீட்டுக் கழகத்தின் காப்பீடு உண்டு. ஒருவருக்கு ஒரு வங்கியில் 2,50,000 டாலர் என்பது இதன் வரம்பு. 6,00,000 டாலரை மூன்று வங்கிகளில் சமமாகப் பிரித்து வைத்தால் முழுத்தொகையும் காப்புப் பெறும். ஆனால் அவற்றுள் ஒன்றில் வாடிக்கையாளருக்கு முன்னரே வைப்பு இருப்பின் இரண்டும் சேர்த்தே கணக்கிடப்படும்.

தரகு நிறுவனம் முறிந்து, வாடிக்கையாளரின் பத்திரங்களோ பணமோ காணாமற்போனால், 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பத்திர முதலீட்டாளர் பாதுகாப்புக் கழகம் 5,00,000 டாலர் வரை ஈடு செய்யும். அதில் ரொக்கத்திற்கான வரம்பு 2,50,000 டாலர். சந்தை இழப்பை இக்கழகம் ஈடு செய்வதில்லை.

சர்ச்சைகளும் நிகழ்வுகளும்

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானபொழுது, அதன் பத்திரங்களை வைத்திருந்த ரிசர்வ் பிரைமரி ஃபண்டின் ஓர் அலகு 1 டாலரிலிருந்து 97 சென்டாகக் குறைந்தது. பணச்சந்தை நிதி வங்கி வைப்பு அன்று என்பதை இது உணர்த்தியது.

2018 டிசம்பரில் ராபின்ஹூட் நிறுவனம் 3 விழுக்காடு வட்டியுடன் காசோலை, சேமிப்புக் கணக்கை அறிவித்தது. இதற்குப் பத்திர முதலீட்டாளர் பாதுகாப்புக் கழகத்தின் காப்பு உண்டெனவும் கூறியது. பத்திரம் வாங்குவதற்கென வைக்கப்பட்ட ரொக்கத்திற்கே காப்பு உண்டு எனக் கழகத்தின் தலைவர் ஐயம் எழுப்பினார். அத்திட்டம் கைவிடப்பட்டு, 2019இல் பங்கேற்பு வங்கிகளைக் கொண்ட திட்டம் வெளிவந்தது.

2024 ஏப்ரலில், நிதிச் செயலிகளுக்கும் வங்கிகளுக்கும் இடையே கணக்குப் பதிவுகளைப் பேணிய சினாப்ஸ் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தம் பணத்தை எடுக்க இயலாது போயினர். வங்கிகளில் இருந்த பணம், வாடிக்கையாளருக்குச் சேரவேண்டிய தொகையைவிட 6.5 கோடி முதல் 9.6 கோடி டாலர் வரை குறைவாக இருந்ததாக நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் அறிவித்தார். வங்கி எதுவும் முறியாததால் வைப்புக் காப்பீடு இவர்களுக்கு உதவவில்லை. அக்காப்பீடு வங்கியின் முறிவுக்கே உரியது. இடைநிலை நிறுவனத்தின் முறிவுக்கு உரியதன்று.

இவற்றையும் பார்க்க

- பணச்சந்தை நிதி
- வைப்புக் காப்பீடு
- பங்குத் தரகர்