தாதிப் படிப்பின் இரண்டு வாசல்கள்



லண்டன் ரோட்டில் இருக்கும் குரொய்டன் யூனிவர்சிட்டி வைத்தியசாலையை நம் வீடுகளில் இன்னும் 'மேடே' என்றுதான் சொல்கிறோம். 2010இல் பெயர் மாறியது, நம் வாய் மாறவில்லை. 1885இல் அது தொடங்கியபோது காசில்லாத ஏழைகள் போய்ப் படுக்கும் இடம். இன்று நம் பிள்ளைகள் பலர் பிறந்த இடம், எங்களில் சிலர் வேலை செய்யும் இடம்.

ஒவ்வொரு வருஷமும் யூகாஸ் படிவத்தோடு யாராவது ஒருவர் எங்களிடம் வருவது வழக்கம். "அக்கா, இதில் என்ன எழுதினால் எடுப்பார்கள்?" என்பதே கேள்வி. அதற்குப் பதில் சொல்லுமுன் இந்தப் படிவத்தின் பழைய கதையைச் சொல்ல விரும்புகிறோம். யாரை உள்ளே விட்டார்கள், எந்த வாசலால் விட்டார்கள் என்ற கதை அது.

1860 ஜூலையில் லண்டன் செயின்ட் தோமஸ் வைத்தியசாலையில் நைட்டிங்கேல் அம்மையாரின் பள்ளி 15 பெண்களோடு தொடங்கியது. விரும்பப்பட்ட வயது 25 முதல் 35 வரை. பரீட்சைப் புள்ளி அல்ல, நன்னடத்தைச் சான்றும் உடல்நலச் சான்றுமே முக்கியம். 'தாதி என்றால் குடிகாரி' என்று ஊர் பேசிய காலம், அதனால் ஒழுக்கத்தைத்தான் முதலில் கேட்டார்கள். சில வருஷங்களுக்குள் அங்கேயே இரண்டு வகை மாணவிகள் உண்டானார்கள். சாதாரண வீட்டுப் பெண்கள் சம்பளம் வாங்கிப் பழகினார்கள். வசதியான வீட்டுப் பெண்கள் பணம் கட்டிப் பழகினார்கள், பிற்பாடு மேற்பார்வைப் பதவிகளுக்கும் போனார்கள். இரண்டு வாசல் என்ற வழக்கம் அங்கேயே வேர்விட்டது.

அந்தப் பள்ளிக்கும் முன், 1854இல், ஜமேக்காவிலிருந்து வந்த மேரி சீக்கோல் கிரிமியப் போருக்குத் தாதியாகப் போக லண்டனில் கதவு கதவாகத் தட்டினார். கொலராவையும் மஞ்சள் காய்ச்சலையும் கண்ட அனுபவசாலி, ஆனாலும் எடுக்கவில்லை. தன் தோலின் நிறம்தானோ காரணம் என்ற சந்தேகத்தை 1857இல் வந்த தன் நூலில் அவரே எழுதியிருக்கிறார். கடைசியில் சொந்தச் செலவில் போனார். செயின்ட் தோமஸ் தோட்டத்தில், பாராளுமன்றத்தைப் பார்த்தபடி, அவருக்குச் சிலை வைத்தது 2016இல். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தால் போகும்போது ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

இனி நம் பக்கம். ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதவை ஒரே இரவில் மூன்று பேர் தட்டிய கதையை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. டாக்டராகி வேலூருக்குத் திரும்பியவருக்கு, தனியே வைத்தியம் பார்த்துப் பயனில்லை என்று விளங்கியது. 1909இல் தாதியர் பள்ளி தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918இல்தான். அதாவது டாக்டர்மாருக்கு முன்பே தாதிமார். பிள்ளைகளைச் சேர்ப்பது சுலபமாக இருக்கவில்லை. அந்நியருடைய உடம்பைத் தொடுவதும் அழுக்கை எடுப்பதும் நம் மகளுக்கு ஏற்ற வேலையா என்று சாதி பார்க்கும் வீடுகள் பின்வாங்கின. ஆகவே மிஷன் பள்ளிகளில் படித்த கிறிஸ்தவப் பெண்களே பெரும்பாலும் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இணுவில் மக்லியொட் வைத்தியசாலை போன்ற மிஷன் இடங்களிலும் நம் பெண்கள் இந்த வேலையைப் பழகினார்கள். இன்று 'எங்கள் பிள்ளைக்கு ஒரு இடம் கிடைக்காதா' என்று ஏங்கும் வீடுகளில் எத்தனை, அன்று பிள்ளையை அனுப்ப மறுத்த வீடுகளோ!

1946இல் வேலூரிலும் டில்லியிலும் தாதியியல் பட்டப்படிப்பு தொடங்கியது. பிரிட்டனில் எடின்பரோ பல்கலைக்கழகம் அப்படியொரு பட்டப்படிப்பைத் தொடங்கியது 1960இல். அமெரிக்கா இரண்டுக்கும் முந்தியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் 'ஊர்ப் படிப்பு' என்று இங்கே யாராவது முகம் சுழித்தால் இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைவில் வைத்திருங்கள். வேலூரில் இன்னொன்றும் உண்டு. அங்கே விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பலருக்காகத் திருச்சபையே பரிந்துரை தந்து பொறுப்பேற்கும். படித்து முடித்தவர் மிஷன் வைத்தியசாலையில் சில காலம் பணி செய்ய வேண்டும். படிவத்தில் பிள்ளையின் பெயரோடு சபையின் பெயரும் இருந்தது.

அதே 1946இல் நைஜீரியாவிலிருந்து வந்த கொஃபோவோரோலா பிராட் நைட்டிங்கேல் பள்ளியில் சேர்ந்தார். பதிவுபெற்ற தாதியாகி, பின்பு தன் நாட்டில் இபாடான் பல்கலைக்கழக வைத்தியசாலையின் மேட்ரனானார். ஆனால் 1948இல் என்.எச்.எஸ். பிறந்து தாதியர் போதாமல் போன பிறகு வந்தவர்கள் எல்லாருக்கும் அந்த வாசல் திறக்கவில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள்.

1943ஆம் ஆண்டுச் சட்டம் தாதியரை இரண்டு பட்டியலாக்கியது. எஸ்.ஆர்.என். என்றால் மூன்று வருஷப் பயிற்சி, வார்டு சிஸ்டராகவும் மேலேயும் போகலாம். எஸ்.இ.என். என்றால் இரண்டு வருஷம், அதற்கு மேல் படி கிடையாது. கரீபியன் தீவுகளிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த பிள்ளைகள் பலர் இரண்டாவது வாசலுக்குத் திருப்பப்பட்டார்கள். பலருக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டிலும் 'நர்ஸ்' என்றுதானே இருந்தது! பயிற்சி முடிந்து ஊருக்குத் திரும்ப நினைத்தபோதுதான், பல நாடுகளில் எஸ்.இ.என். செல்லாது என்று தெரிந்தது. திரும்பவும் முடியாது, இங்கே உயரவும் முடியாது. எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து அந்தப் பயிற்சி நிறுத்தப்பட்டது. நடுவயதில் இரவு வேலையும் பிள்ளை வளர்ப்பும் பார்த்துக்கொண்டே மாற்றுப் படிப்பு படித்து முதல் பட்டியலுக்கு ஏறியவர்கள் ஏராளம். புள்ளி குறைந்ததால் அவர்கள் அங்கே நிற்கவில்லை. படிவத்தை நீட்டியவர் சொல்லாததால் நின்றார்கள். இதை நாங்கள் அநியாயம் என்றே சொல்லுவோம்.

2013இலிருந்து இங்கிலாந்தில் புதிதாகத் தாதியாகப் படிக்க வருகிறவர்களுக்குப் பட்டப்படிப்புத்தான். 2017இல் அரசின் பர்சரி நின்றது. அந்த வருஷம் இங்கிலாந்தில் விண்ணப்பங்கள் சுமார் 23 சதவீதம் விழுந்தன. 2020இலிருந்து வருஷத்துக்குக் குறைந்தது 5,000 பவுண்டு, திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவி, மீண்டும் வந்தது. இது தெரியாமல் கடனுக்குப் பயந்து ஒதுங்கும் வீடுகளை இன்னும் பார்க்கிறோம்.

இன்னொன்றும் வந்திருக்கிறது. 2019இல் 'நர்சிங் அசோசியேட்' என்ற புதிய பதிவு தொடங்கியது. இரண்டு வருஷப் படிப்பு, சம்பளத்தோடு பழகும் வழியும் உண்டு. பழைய எஸ்.இ.என். போல இது அடைபட்ட அறை அல்ல, அங்கிருந்து மேலே படித்துத் தாதியாகலாம். காசு நெருக்கடி உள்ள வீட்டுக்கு நல்ல வழிதான். ஆனால் அது தாதிப் பதிவு அல்ல என்று தெரிந்துகொண்டு சேருங்கள். கல்லூரியில் 'நர்சிங்' என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்ட வேண்டாம். முடிவில் எந்தப் பதிவு கிடைக்கும் என்று கேளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. 2026 சேர்க்கையிலிருந்து பெர்சனல் ஸ்டேட்மென்ட் மூன்று கேள்விகளாகிவிட்டது: ஏன் இந்தப் படிப்பு, படித்தவை எப்படித் தயாராக்கின, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். எல்லாம் சேர்த்து 4,000 எழுத்துகள். 'சிறு வயதிலிருந்தே ஆசை' என்று எல்லாரும் எழுதுவார்கள். அம்மம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தது, ஜி.பி.யிடம் அவருக்காக மொழிபெயர்த்தது, அதில் எங்கே தடுமாறினீர்கள் என்பதெல்லாம் மூன்றாவது கேள்விக்குரியவை. நம் பிள்ளைகள் அதை வீட்டு வேலை என்று நினைத்து எழுதாமல் விடுகிறார்கள். நேர்முகத்தில் உங்கள் குணத்தைத்தான் தோண்டுவார்கள். 1860இல் சான்றிதழாகக் கேட்டதை இன்று கேள்வியாகக் கேட்கிறார்கள். பிறகு 2,300 மணி நேரம் வார்டுகளிலும் வீடுகளிலும் பழக வேண்டும். அதில் ஒரு பகுதி மேடேயிலேயே அமைந்தாலும் அமையும்.

ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டாம். ஆராதனை முடிந்து தேநீர் நேரத்தில் நாங்கள் மண்டபத்தின் பின்வரிசையில்தான் இருப்போம். எழுதியதை அச்செடுத்துக் கொண்டுவாருங்கள், போனில் காட்டினால் எங்கள் கண்ணுக்குத் தெரியாது.